உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பட்டை?

“தினமும் வெறும் வயித்துல பட்டைத் தண்ணி குடிச்சா சுகர் தானா இறங்கிடுமாமே!”

பசுமலை, திருநகர் பக்கம் காலை வாக்கிங்கில் ஆரம்பித்து கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பிரியாணிக்கும் பரோட்டா சால்னாவுக்கும் மணம் கொடுக்கிற பட்டை, சர்க்கரை நோயையும் விரட்டிவிட்டால் சந்தோஷம்தான். ஆனால், அதை மருந்தாக நினைத்து தினமும் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மசாலா டப்பாவில் இருப்பது எந்தப் பட்டை?

‘என்னது, பட்டையில் இத்தனை ரகமா?’ என்கிறீர்களா? முக்கியமாக இரண்டு உண்டு.

சுருள் பட்டையும் சாதாப் பட்டையும்

முதலாவது, அசல் இலவங்கப்பட்டை. இலங்கையைத் தாயகமாகக் கொண்டது. அங்கே இதற்குப் பெயர் கறுவா. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாம் இலங்கையில் கண் வைத்ததற்கு இந்தக் கறுவாவும் ஒரு காரணம். கொழும்பில் ‘கறுவாத் தோட்டம்’ என்ற பெயரிலேயே ஒரு பகுதி இன்றைக்கும் இருக்கிறது. நம் நாட்டில் கேரளத்தில் இது பயிராகிறது. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ‘நவஸ்ரீ’, ‘நித்யஸ்ரீ’ என்று இரண்டு ரகங்களையே உருவாக்கியிருக்கிறது.

இரண்டாவது, காசியா எனப்படும் பட்டை. சீனா, வியட்நாம், இந்தோனேஷியா நாடுகளில் விளைவது. மளிகைக் கடையில் “பட்டை குடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். விலையும் குறைவு. கறிக்குழம்பில் போட்டால் காரமான வாசனை தூக்கும். சமையலுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே இரண்டையும் இரண்டு தனிப் பொருள்களாகத்தான் வைத்திருக்கின்றன. நாம்தான் இரண்டையும் ‘பட்டை’ என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்!

கண்டுபிடிப்பது எப்படி?

கண்ணும் கையும் போதும்.

* அசல் பட்டை மெல்லியது. காகிதத்தை அடுக்கடுக்காகச் சுருட்டியது போல, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுருள்கள் இருக்கும். காசியா தடிப்பானது. ஒரே அடுக்கு, இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டிருக்கும். சில சமயம் சுருளாமல் தட்டையாகவும் வரும்.

* அசல் பட்டை வெளிர் பழுப்பு. விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியா செம்பழுப்பு. ஒடிக்கவே கை வலிக்கும்.

* அசல் பட்டையில் மெல்லிய இனிப்பு வாசனை. காசியாவில் நாக்கைச் சுண்டும் காரம்.

மதுரைக்காரர்கள் கீழமாசி வீதிப் பக்கம் மளிகை வாங்கப் போகும்போது “சிலோன் சுருள் பட்டை” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொடியாக அரைத்துவிட்டால் இந்த அடையாளம் எதுவுமே தெரியாது. இதை நினைவில் வையுங்கள்.

எந்தப் பட்டையாக இருந்தால் என்ன?

நிறைய வித்தியாசம் இருக்கிறது! காசியாவில் ‘கூமரின்’ என்ற இயற்கைப் பொருள் கணிசமாக உண்டு. அசல் பட்டையில் அது மிக மிகக் கொஞ்சம். கூமரின் அளவுக்கு மேல் நாள்தோறும் உடம்பில் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும்.

அளவு என்பது எவ்வளவு? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரையறுத்திருக்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 6 மில்லிகிராம். ஜெர்மனி அரசு நிறுவனம் ஒன்றின் கணக்குப்படி, சுமார் 2 கிராம் காசியாப் பொடியிலேயே இந்த அளவு வந்துவிடுகிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வெறும் அரை கிராம்தான்!

ஒரு டீஸ்பூன் பொடி என்பதே 2 கிராமைத் தாண்டிவிடும். ‘காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன்’ என்று மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கொதிக்க வைத்துக் குடித்தாலும் கூமரின் தண்ணீரில் இறங்கத்தான் செய்யும்.

பயந்துபோய்ப் பட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாலு பேருக்கான குருமாவிலோ பிரியாணியிலோ போடுகிற இரண்டு துண்டுப் பட்டையால் எந்த ஆபத்தும் இல்லை.

சரி, சுகர் குறையுமா, குறையாதா?

இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது 2003-ல். பாகிஸ்தானில் சர்க்கரை நோயாளிகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 40 நாள் பட்டை சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை நன்றாகக் குறைந்ததாக முடிவு வந்தது. அதற்குப் பின் பல நாடுகளிலும் சோதித்துப் பார்த்தார்கள். சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. 2012-ல் ‘காக்ரேன்’ என்ற மருத்துவ ஆய்வுக் குழு 577 பேர் பங்கேற்ற பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சர்க்கரை நோய்க்குப் பட்டையைச் சிபாரிசு செய்யப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆக, மாத்திரைக்குப் பதில் பட்டை என்பது விபரீதம். “பட்டைத் தண்ணி குடிக்கிறேனே, மாத்திரை எதுக்கு?” என்று நிறுத்தினால், வெளியே ஒன்றும் தெரியாமலேயே சர்க்கரை ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரித்துவிடும். அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

* கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள். இவர்கள் சமையலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

* சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பட்டையும் சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

* வெறும் பொடியை வாயில் போட்டு விழுங்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. பட்டை எண்ணெயை அப்படியே ஈறிலோ தோலிலோ தடவினால் புண்ணாகிவிடும்.

வாங்கும்போது, வைக்கும்போது...

பட்டையை முழுசாக வாங்கி வீட்டில் பொடிப்பதே நல்லது. 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் கலந்திருந்த பட்டைப் பொடியில் ஈயம் இருந்தது தெரியவந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். முழுப் பட்டையில் இப்படிக் கலப்பது சுலபமில்லை. காற்றுப் புகாத பாட்டிலில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

பட்டையால் உண்மையான நன்மை ஒன்று உண்டு. டீயிலோ ஓட்ஸ் கஞ்சியிலோ ஒரு சின்னத் துண்டு சுருள் பட்டை சேர்த்தால், அந்த இனிப்பு வாசனையே நாக்கை ஏமாற்றிவிடும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிற இடத்தில் ஒன்றே போதும் என்று தோன்றும். சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்புசமாக இருந்தால் இதோடு சுக்கும் தட்டிப்போட்டுக் குடிப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம்.

சர்க்கரைக்கு வேண்டியது அளவான சாப்பாடு, தினசரி நடை, டாக்டர் சொன்ன மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பட்டை சமையல்கட்டில் மணக்கட்டும், மாத்திரை டப்பாவின் இடத்துக்கு மட்டும் வர வேண்டாம்!