திருக்கிண்ணத்தின் இரசமும் நம் குடும்ப மேசையும்

"கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை இரசமாக மாற்றினார். நாள்தோறும் திருப்பலியில் குருவானவர் இரசம் பருகுகிறார். அப்படியிருக்க, நாங்கள் குடித்தால் மட்டும் குற்றமா?" என்ற கேள்வியை நம் பங்குகளில் கேளாதவர் இலர். சிலர் வேடிக்கையாகக் கேட்பர். சிலர் வீட்டில் நடக்கும் கொடுமைக்குத் திரையாகக் கேட்பர். எவ்வாறு கேட்பினும் இதற்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. அவ்விடையைத் தேடுமுன், திருக்கிண்ணத்தில் ஊற்றப்படும் இரசம் எத்தகையது, அதனைத் தெரிவு செய்வதில் திருச்சபை எதனைக் கண்டிப்பாகக் கேட்கிறது, எதனை நம் விருப்பத்திற்கு விடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

சிவப்பா, வெள்ளையா?

நம் வீடுகளில் இரசம் என்றாலே மிளகும் புளியும் கலந்து சோற்றில் ஊற்றும் இரசந்தான் நினைவுக்கு வரும். திராட்சை இரசம் நம் மண்ணின் அன்றாட உணவன்று. ஆகவே அதன் நிறத்தைப் பற்றியும் சுவையைப் பற்றியும் நம்மிடையே தவறான கருத்துகள் சில உலவுகின்றன. "ஆண்டவரின் திருஇரத்தம் என்பதால் சிவப்பு இரசமே செல்லும்" என்பது அவற்றுள் ஒன்று.

உண்மை அதுவன்று. திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1983) 924-ஆம் சட்டத்தில் மூன்றே செய்திகளைக் கேட்கிறது: இரசம் இயற்கையானதாக இருக்க வேண்டும், திராட்சைக் கனியிலிருந்தே வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப் போகாததாக இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. சிவப்பு இரசமும் செல்லும். வெள்ளை இரசமும் செல்லும். இனிப்பானதும் துவர்ப்பானதும் செல்லும்.

நிறம் எங்கிருந்து வருகிறது? கறுப்புத் திராட்சையின் தோலை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலான வகைகளில் உள்ளிருக்கும் சதை நிறமற்றே இருக்கும். சாயம் தோலில்தான் உள்ளது. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் இரசம் சிவக்கிறது; சாற்றை மட்டும் பிழிந்து நொதிக்க விட்டால் வெளிர் நிறமாகிறது. தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருளும் உடன் இறங்குவதால் சிவப்பு இரசம் நாவைச் சற்றே இறுகப் பிடிக்கும். நாம் வெற்றிலை பாக்கு மென்றதும் நாவில் தோன்றும் துவர்ப்பை ஒத்தது அது. அதனை விரும்புவோரும் உண்டு. இனிப்பையே நாடுவோரும் உண்டு.

குருக்களிடையேயும் இந்த விருப்பு வேறுபாடு உண்டு. திருஇரத்தத்தின் அடையாளம் கண்ணுக்குப் புலப்படச் சிவப்பே தக்கது என்பர் சிலர். கிண்ணத்தைத் துடைக்கும் வெண்துகிலில் கறை படியாதிருக்க வெள்ளையே நல்லது என்பர் வேறு சிலர். அத்துகில்களை வெளுத்துத் தரும் அருட்சகோதரிகளைக் கேட்டால் அவர்கள் எப்பக்கம் நிற்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இரு சாராரும் திருச்சபையின் பிள்ளைகளே. இவ்வளவு சிறிய செய்தியில் தாயாகிய திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

விட்டுக்கொடுக்காத இடம்

ஆயினும் ஓரிடத்தில் அவள் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை, அதுதான் உண்மை. சாயம் கலந்ததோ, வேறு பழச்சாறு சேர்த்ததோ, செயற்கை மணம் ஊட்டியதோ கிண்ணத்திற்கு ஆகாது. நெடுநாள் கெடாதிருக்கும் பொருட்டுத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிதளவு சேர்க்கத் திருச்சபை முன்னரே இசைந்தது. அதிலும் மொத்த வலிமை நூற்றுக்கு 18 பங்கைத் தாண்டலாகாது என்று எல்லை வகுத்தது.

திராட்சைக்கொடி எளிதில் வளராத நாடுகளிலும் இந்த உண்மை காக்கப்பட்டது. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் பன்னெடுங்காலம் உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்த இரசத்தைக் கொண்டே திருப்பலி நிறைவேற்றினர். தென்னங்கள்ளும் பனங்கள்ளும் கையெட்டும் தொலைவில் இருந்தும், அவற்றைக் கிண்ணத்தில் ஊற்ற அவர்கள் துணியவில்லை. இரசத்தின் உண்மையான நிறமும் சுவையும் உடையதாயின் உலர்திராட்சை இரசமும் செல்லும் என்பதே திருச்சபையின் முடிவு.

நம் தமிழ்நாட்டில் இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் பேர்பெற்றது. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரே இக்கொடியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று அதன் வரலாறு கூறுகிறது. சேலத்துக் கடைவீதியிலும் நாமக்கல் சந்தையிலும் நாம் வாங்கும் கருநீலக் குலைக்குப் பின்னே ஒரு குருவின் கை உள்ளது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

எனினும், திராட்சை கிடைக்கிறது என்பதற்காக எவரும் இரசம் செய்து பீடத்தில் வைத்துவிட முடியாது. அப்பமும் இரசமும் தகுதியானவை என உறுதி செய்யும் பொறுப்பு ஆயருடையது என்று 2017-இல் உரோமை மீண்டும் நினைவூட்டியது. தமிழ்நாட்டு அரசும் திருப்பலி இரசத்திற்கெனத் தனி விதிகளை வைத்துள்ளது. கடையில் அழகிய புட்டியைக் கண்டு பங்கிற்குக் காணிக்கையாக வாங்கி வர நினைப்போர் முதலில் பங்குத்தந்தையைக் கேட்பது நன்று.

காத்தலும் பரிமாறலும்

சிவப்பு இரசத்தை அறையின் வெப்பத்திலேயே பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பிய மரபு. அங்குள்ள பழைய கல்வீடுகளின் குளிர்ந்த அறையை எண்ணிக் கூறிய சொல் அது. ஏறக்குறைய 15 முதல் 18 பாகை வரை எனக் கொள்ளலாம். சித்திரையில் 38, 40 பாகை காயும் நம் சேலத்துச் சமவெளிக்கு அச்சொல் பொருந்தாது. திறந்த புட்டியை வெயில் படும் அலமாரியில் வைத்தால் காற்றுப் பட்டு, நுண்ணுயிர் பெருகி, இரசம் புளித்த காடியாகிவிடும். காடியானது இரசமன்று, அது திருப்பலிக்குச் செல்லாது. ஆதலால் சிறிய புட்டிகளாக வாங்குவதும், திறந்ததைக் குளிர்பெட்டியில் இறுக மூடி வைப்பதும், திருப்பலிக்கு முன் முகர்ந்து பார்ப்பதும் கோவில்பிள்ளையின் கடமைகளாகும். இவை சிறு பணிகளாகத் தோன்றும். ஆனால் ஆண்டவரின் பந்தியைப் பரிமாறுபவர் அவரே.

குருவானவர் இரசத்தோடு சில துளி நீர் கலப்பதை நாம் காண்கிறோம். பண்டைக்காலத்தில் யூதரும் கிரேக்கரும் உரோமையரும் இரசத்தில் நீர் கலந்தே பருகினர். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தேசு நகர ஆயர் புனித சிப்பிரியான் இதற்கு ஆழ்ந்த பொருள் கண்டார்: இரசம் கிறிஸ்துவைக் குறிக்கிறது, நீர் மக்களைக் குறிக்கிறது, கலந்தபின் ஒன்றையொன்று பிரிக்க இயலாது. நம் உழைப்பும் கண்ணீரும் அந்தத் துளிகளில் கிண்ணத்தை அடைகின்றன.

சேலம் கண்ட இரு சாட்சிகள்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். நம் மறைமாவட்டத்து மண்ணே அதற்கு இரு சாட்சிகளைத் தருகிறது.

முதலாமவர் தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி அடிகளார். இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். இரசம் அன்றாடம் மேசைக்கு வரும் நாட்டில் வளர்ந்தவர். 1606-இல் மதுரைக்கு வந்தபின் காவியுடுத்தி, புலாலும் மதுவும் நீக்கி, சோறும் காய்கறியும் கொண்ட எளிய உணவோடு துறவியாய் வாழ்ந்தார். 1623-இல் அவர் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்திற்கு வந்தபோதும் அதே கோலந்தான். பலி ஒப்புக்கொடுக்கும் குருவாகையால் கிண்ணத்து இரசத்தை அவர் விலக்கவில்லை. மக்களின் ஆன்மாவை முன்னிட்டு மேசையின் இரசத்தை விலக்கினார். இரசம் தீயது என்பதால் அன்று. தம்மைச் சூழ்ந்திருந்தோருக்கு அது இடறலாகும் என்பதால்.

இரண்டாவது சாட்சி கிறிஸ்தவரல்லாத ஒருவர். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த இராஜாஜி, குடியால் சிதைந்த குடும்பங்களை அங்கே கண்ணாரக் கண்டார். 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணைநின்றார். பின்னர்ச் சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதல் நடைமுறைப்படுத்திய மாவட்டம் நம் சேலமே. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. அக்காலத்துச் சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல்லும் அடங்கும். அச்சட்டம் பின்னர் தளர்ந்ததும், மீண்டதும், 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்துவதும் நாம் அறிந்தவை. சட்டம் மாறலாம், அன்று அழுத தாய்மாரின் கண்ணீர் இன்னும் மாறவில்லை.

விவிலியம் கூறுவது

விவிலியம் இரசத்தை வெறுக்கவில்லை. மனித உள்ளத்தை மகிழ்விக்கும் கடவுளின் கொடை என்று 104-ஆம் திருப்பாடல் அதைப் போற்றுகிறது. சீராக்கின் நூல் 31-ஆம் அதிகாரம் அளவோடு பருகுவதைப் புகழ்ந்து, அளவு மீறுவதைக் கண்டிக்கிறது. நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் கிண்ணத்தில் சிவந்து மின்னும் இரசத்தை நோக்கி மயங்காதே, அது பின்னர்ப் பாம்பைப் போலக் கடிக்கும் என்று எச்சரிக்கிறது. வயிற்று நோயுற்ற திமொத்தேயுவுக்குச் சிறிது இரசம் பருகுமாறு பவுலடிகள் எழுதினார். அதே பவுலடிகள் உரோமையருக்கு எழுதும்போது, சகோதரனுக்குத் தடையாகுமாயின் இரசத்தை விட்டுவிடுவதே நல்லது என்கிறார்.

கானாவூரில் நிகழ்ந்ததும் இதுவே. ஆறு கற்சாடிகள் நிறைய இரசம் வழங்கிய ஆண்டவர், அங்கு எவருடைய குடிவெறிக்கும் துணைபோகவில்லை; ஓர் ஏழைக் குடும்பம் ஊரார் முன் நாணாதிருக்கச் செய்தார். இன்று நம் ஊர்களில் குடும்பத்தின் மானத்தைக் காப்பது சாடியை நிரப்புவதா, ஒதுக்கி வைப்பதா? ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தே விடை கூறட்டும்.

"சிவப்பு இரசம் இதயத்திற்கு நல்லதாமே" என்போருக்கும் ஒரு சொல். உடல்நலத்திற்குத் தீங்கற்ற மது அளவு என ஒன்றைக் காட்ட இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்தது. மருந்தென்று சொல்லிக் குடிக்கத் தொடங்குவதற்கு இனி இடமில்லை.

குடிநோயில் சிக்கி மீண்டவர்களுக்கு ஒரு துளியும் ஆபத்தே. திருச்சபை இதனை நன்கு உணர்ந்துள்ளது. அத்தகைய குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடங்கியவுடன் நிறுத்தப்பட்ட புதுத் திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்று 2003-ஆம் ஆண்டின் உரோமை மடல் தெளிவாக்கியது. இரு வடிவங்களிலும் நற்கருணை வழங்கப்படும் வேளையில், பொதுநிலையினர் அப்பத்தின் வடிவில் மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகின்றனர். கிண்ணத்தின் அருகே செல்லாமல் ஒருவர் ஒதுங்கி நின்றால் அவரை உற்றுநோக்காதீர்கள். அவர் ஒரு பெரும் போரில் வென்று நிற்பவராக இருக்கலாம்.

கிறிஸ்மஸ் மேசைக்கு

கிறிஸ்மஸ் வேளையில் சில வீடுகளில் சாடியில் திராட்சையும் சர்க்கரையும் இட்டு வாரக்கணக்கில் நொதிக்க வைக்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது செய்வது குற்றம். பெருவிழா என்பதால் விலக்கு இல்லை. அதற்கு மாற்றாக எளிய வழி உள்ளது.

ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையை நன்கு கழுவிக் காம்பு நீக்கி, அரை லிட்டர் நீரும் சிறு துண்டு பட்டையும் மூன்று கிராம்பும் சேர்த்து, தோல் வெடித்துச் சாயம் இறங்கும் வரை இளந்தீயில் வேகவிடுங்கள். மசித்து மெல்லிய துணியில் வடித்து, சுவைக்கேற்பச் சர்க்கரை இட்டு ஒரு கொதி விட்டு ஆறவிடுங்கள். கொதித்தபோது நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர் மடிந்துவிடுவதால் இது உடனே மதுவாகாது. குளிர வைத்து இரண்டு நாளைக்குள் பருகிவிட வேண்டும். இனிப்பு மிகுதியாக வேண்டுவோர்க்குச் சர்க்கரை. துவர்ப்பை விரும்புவோர் அதைக் குறைத்து எலுமிச்சை பிழியலாம். தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே பந்தியில் அமர்ந்து பருகலாம். அண்டை வீட்டு இந்துச் சகோதரருக்கும் இஸ்லாமியச் சகோதரருக்கும் தயக்கமின்றிக் கொடுத்தனுப்பலாம்.

அன்பு வாசகர்களே, சிவப்போ வெள்ளையோ, இனிப்போ துவர்ப்போ, நம் விருப்பத்திற்கு இடமுண்டு. ஆனால் கிண்ணத்தில் உண்மையும், மேசையில் அன்பும் அதனை அளக்கட்டும். எதைப் பருக எனக்குப் பிடிக்கும் என்று கேட்பவன் நாவை அறிந்தவன். என்னோடு பந்தியில் இருப்பவருக்கு எது நலம் என்று கேட்பவனே கானாவூர்த் திருமணத்தின் பொருளை அறிந்தவன்.