சக்கரம் பொருந்துமா? கனரக அச்சுக்கு ஏற்ற ரிம்மைத் தேர்ந்தெடுத்தல்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் மனனம் செய்தேன். அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது பதினேழாம் வயதில், கேமரன் மலையில், மாமாவின் லேண்ட் ரோவரில் அமர்ந்திருந்தபோதுதான்.

கேமரன் மலைக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். காய்கறித் தோட்டங்களின் செங்குத்தான மண் பாதைகளில் ஏறி இறங்குபவை பெரும்பாலும் பழைய லேண்ட் ரோவர்கள்தான். கண்ணாடி இராது, கதவு இராது, வண்ணம் உரிந்திருக்கும். ஆனாலும் முட்டைகோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு சேற்றில் ஏறிவிடும். மாமாவிடம் இருந்தது '110' வகை. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறையில் அவர் ஒரு பழைய உதிரிப்பாகக் கடையிலிருந்து நான்கு ஸ்போர்ட் ரிம்களை மலிவாக வாங்கி வந்தார். அதே நிறுவனத்தின் வேறொரு வகை வண்டியில் இருந்தவை.

"ஓட்டை அஞ்சும் சரியா உட்காருதுடா மாப்ளே, மாட்டு!" என்றார். நானும் மாட்டினேன். நட்டுகளை முறுக்கியது என் கைதான். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கப் போகிறோம் என்ற தெம்பு வேறு.

பதினொரு நாள் கழித்து, இறக்கத்தில் வரும்போது பின்பக்க இடது சக்கரம் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போனது. வண்டி மண்மேட்டில் இடித்து நின்றது. மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மேடு வலப்பக்கம் இல்லாமல் பள்ளம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அச்சு உடையவில்லை. ஓட்டைகளும் பொருந்தித்தான் இருந்தன. பிறகு ஏன் சக்கரம் கழன்றது? இயந்திரப் பொறியியல் படிக்க வந்த பிறகு நான் தேடிக் கண்ட விடையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கனரக அச்சு என்றால் என்ன?

சாதாரணக் கார்கள் சிலவற்றின் பின் அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்கும். இதை அரைமிதவை அச்சு என்று சொல்லலாம். தண்டு உடைந்தால் சக்கரமும் கழன்றுவிடக்கூடும். கனரக வண்டிகளில் இருப்பது முழுமிதவை அச்சு. அதில் பாரத்தை அச்சுக் குழாயின் முனையில் உள்ள பேரிங்குகளும் ஹப்பும் தாங்குகின்றன. உள்ளே இருக்கும் தண்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. தண்டு உடைந்தாலும் சக்கரம் அதன் இடத்தில் இருக்கும்.

லேண்ட் ரோவர் 110-இன் பின்பக்கத்தில் பல ஆண்டுகள் பொருத்தப்பட்ட 'சாலிஸ்பரி' அச்சு இந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்கக் கனரக பிக்கப் வண்டிகளில் புகழ்பெற்ற 'டானா 60' அச்சின் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. முரட்டுப் பாதைக்கென்று வண்டியை மாற்றியமைப்பவர்கள் இன்றும் தேடிப் போவது டானா 60 போன்ற அச்சுகளைத்தான். ஆனால் எவ்வளவு வலுவான அச்சாக இருந்தாலும், அதைச் சக்கரத்தோடு சேர்த்து வைப்பவை ஐந்தோ எட்டோ போல்டுகள். ஆகவே தேர்வு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி: துளைகள் பொருந்துமா?

ரிம்மில் உள்ள போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்தின் விட்டத்தைப் பட்டறைகளில் 'பி.சி.டி.' என்பார்கள். நான் துளைவட்ட விட்டம் என்கிறேன். துளைகளின் எண்ணிக்கை, துளைவட்ட விட்டம் ஆகிய இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

பழைய லேண்ட் ரோவருக்கு 5 துளை, 165.1 மில்லிமீட்டர். டானா 60 பொருத்திய பல அமெரிக்க வண்டிகளுக்கும் அதே 165.1 மில்லிமீட்டர்தான், ஆனால் 8 துளை. ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 6 துளை, 139.7. இரண்டரை டன் இராணுவ லோரியின் 'ராக்வெல்' அச்சுக்கு 6 துளை, 222.25.

கண்ணை ஏமாற்றும் அளவுகளும் உண்டு. ஃபோர்டின் கனரக பிக்கப்கள் 1999 முதல் 8 துளை, 170 மில்லிமீட்டருக்கு மாறின. 165.1-க்கும் 170-க்கும் வேறுபாடு ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. நட்டை முறுக்கி இழுத்தால் உட்கார்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இழுத்தால் போல்டுகள் வளைந்த நிலையிலேயே வேலை செய்து, நாளடைவில் முறியும்.

இரட்டைப்படைத் துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து துளைக்கு எதிர்த்துளை இல்லையே? அடுத்தடுத்த இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். லேண்ட் ரோவரில் அந்தத் தூரம் 97 மில்லிமீட்டர். பெருக்கினால் 165 வரும். இடைநிலைப்பள்ளியில் படித்த திரிகோணக் கணிதம் இங்கே பயன்படுகிறது!

இரண்டாம் கேள்வி: நட்டு எங்கே உட்காருகிறது?

எங்களை வீழ்த்தியது இதுதான்.

நம்மில் பலர், போல்டுகள்தாம் வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றன என்று எண்ணுகிறோம். உண்மை வேறு. நட்டை முறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீளுகிறது. இழுத்த ரப்பர் சுருங்கத் துடிப்பதுபோல் அதுவும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசை ரிம்மை ஹப்போடு இறுக அழுத்துகிறது. அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையில் எழும் உராய்வே பாரத்தையும் பிரேக்கின் வேகத்தையும் தாங்குகிறது. அழுத்தம் குறைந்தால் ரிம் நூலளவு நகரத் தொடங்கும். அப்போது போல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படியும் அப்படியும் வளையும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்பது சிறுவருக்கும் தெரியும்.

இந்த அழுத்தம் நிலைக்க, நட்டின் அடிப்பகுதியும் ரிம்மில் அது உட்காரும் இடமும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். இரும்பு ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு. கூம்பு துளைக்குள் இறங்கி ரிம்மை நடுப்படுத்தும். சில ரிம்களுக்கு உருண்டை வடிவம். அலுமினிய ரிம்கள் பலவற்றுக்கு நேரான கழுத்தும் தட்டையான வாஷரும் கொண்ட நட்டு.

மாமா வாங்கி வந்த ரிம்கள் இந்தக் கடைசி வகை. அவற்றுக்குரிய நட்டுகளைக் கடைக்காரர் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரும்பு ரிம்மின் கூம்பு நட்டுகளையே போட்டு முறுக்கினேன். கூம்பு, நேரான துளையின் விளிம்பை மெல்லிய வளையம் போலத்தான் தொட்டது. அலுமினியம் மென்மையான உலோகம். பாரமும் குலுக்கலும் சேர, அந்த விளிம்பு நசுங்கியது. நசுங்கிய அளவுக்குப் போல்டின் இழுவிசை தளர்ந்தது. கடைசி மூன்று நாள் பின்பக்கத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. கூடை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

எனவே ரிம் வாங்கும்போது அதற்குரிய நட்டுகளையும் சேர்த்து வாங்குங்கள். மரையின் அளவையும் பாருங்கள். ஹைலக்ஸுக்கு 12 மில்லிமீட்டர் போல்ட், டிஃபெண்டருக்கு 16. ரிம்மின் முகம் தடித்திருந்தால் போல்டின் நீளம் போதாமல் போகலாம். போல்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழமாவது நட்டு மரையில் ஏற வேண்டும்.

மூன்றாம் கேள்வி: சக்கரம் உள்ளே நிற்குமா, வெளியே நிற்குமா?

ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்பைத் தொடும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே 'ஓஃப்செட்'. முகம் வெளிப்புறம் தள்ளியிருந்தால் நேர்மறை, அப்போது சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கி நிற்கும். உட்புறம் தள்ளியிருந்தால் எதிர்மறை, சக்கரம் வெளியே துருத்தி நிற்கும்.

துருத்தி நிற்பது பார்வைக்கு முரட்டு அழகு. வண்டி கவிழாமல் நிற்கவும் ஓரளவு உதவும். ஆனால் அதற்கு விலை உண்டு. 110-இன் பின் அச்சு தாங்கக்கூடிய பாரம் 1,850 கிலோ, அதாவது ஒரு சக்கரத்துக்கு 925 கிலோ. சக்கரத்தின் நடுக்கோட்டை 40 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால், பேரிங்குகள் மீது ஏறத்தாழ 363 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்பம் கூடுதலாக விழுகிறது. அதுவும் நின்றுகொண்டிருக்கும்போது. குழியில் விழுந்தால் இது பன்மடங்காகும். வெளிப்புற பேரிங் விரைவில் தேயும். முன்சக்கரமென்றால், ஒரு கல்லில் ஏறினாலும் ஸ்டீயரிங் கையைத் தட்டிவிடும்.

அகலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5.5 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு அதே ஓஃப்செட் கொண்ட 7 அங்குல ரிம்மைப் போட்டால், உட்புறம் 19 மில்லிமீட்டரும் வெளிப்புறம் 19 மில்லிமீட்டரும் கூடும். டிஃபெண்டரில் முழுதாக வளைக்கும்போது அகலமான டயர், அச்சைப் பிடித்திருக்கும் கைகளில் உரசும். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

நான்காம் கேள்வி: பிரேக்குக்கு இடம் உண்டா?

அச்சு கனமானால் பிரேக்கும் பெரிதாகும். பழைய டானா 60 அச்சுகள் 16 அங்குல ரிம்முக்குள் அடங்கும். 2005-க்குப் பிந்திய ஃபோர்டு கனரக முன் அச்சுக்கு 17 அங்குலமாவது வேண்டும். விட்டம் மட்டும் போதாது. ரிம்மின் ஆரக்கால்கள் உட்புறம் வளைந்திருந்தால் பிரேக்கின் முதுகில் முட்டும். டயர் இல்லாமல் வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்ப்பதே சிறந்த சோதனை. ஹப்பின் மூக்கு ரிம்மின் நடுத்துளைக்குள் நுழைகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஐந்தாம் கேள்வி: சுமை தாங்குமா?

தரமான ரிம்களின் உட்புறத்திலோ ஆரக்காலின் பின்புறத்திலோ அது தாங்கும் பாரம் பொறிக்கப்பட்டிருக்கும். அச்சின் பாரத்தை இரண்டால் வகுங்கள். ரிம்மில் உள்ள எண் அதற்குக் குறையக் கூடாது. 3,000 கிலோ அச்சுக்கு 1,500 கிலோ ரிம். எண்ணே இல்லாத ரிம்மைப் பார வண்டிக்கு வாங்காதீர்கள். எங்கள் ரிம்கள் ஆட்களை ஏற்றும் இலகுவான வண்டிக்கென்று செய்யப்பட்டவை. நட்டு சரியாக இருந்திருந்தாலும், கூடைகளின் பாரத்தில் ஒருநாள் கீறல் விட்டிருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

டயரிலும் சுமைக் குறியீடு உண்டு. 116 என்றால் 1,250 கிலோ, 121 என்றால் 1,450 கிலோ. ரிம், டயர், அச்சு இம்மூன்றில் எது குறைவோ அதுவே வண்டியின் எல்லை.

டயரும் ரிம்மும் ஒத்துப்போக வேண்டும். 235/85 ஆர் 16, 265/75 ஆர் 16 இரண்டும் உயரத்தில் ஏறக்குறைய சமம், 80 சென்டிமீட்டர்தான். ஆனால் முன்னதற்கு 6 முதல் 7 அங்குல ரிம், பின்னதற்கு 7 முதல் 8. மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள மலைப்பாதையில் ஒடுங்கிய டயர் சேற்றைக் கிழித்துத் தரையைத் தொடும். சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. டியூப்புக்கென்று செய்த பழைய இரும்பு ரிம்களில் டயரின் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் மேடு இராது. அவற்றில் டியூப் இல்லாத டயர் ஆபத்து. 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டி போன்றவற்றில், டயர் விளிம்பைப் போல்டு வளையத்தால் இறுக்கும் 'பீட்லாக்' ரிம்களைப் பார்க்கலாம். போட்டிக்கு அது சரி. தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு ரிம், டயர், அச்சு எதை மாற்றுவதாக இருந்தாலும் ஜே.பி.ஜே. விதிகளை முதலில் கேட்டறிவது நல்லது.

மாட்டும் முறை

ஹப்பின் முகத்திலும் ரிம்மின் முகத்திலும் உள்ள துரு, சேறு, தடித்த வண்ணம் மூன்றையும் சுரண்டி எடுங்கள். அவை இடையில் இருந்தால் பின்னர் நசுங்கி, அழுத்தம் தளரும். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பிறகு நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றைவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். கடைசி முறுக்கு, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கு அளவுகோல் கொண்டு. காலால் ஏறி மிதிப்பது அளவாகாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் கட்டாயம் மறுபடி இறுக்கிப் பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தால்கூட எங்களுக்கு முன்னெச்சரிக்கை கிடைத்திருக்கும். பழைய ஜப்பானிய லோரிகள் பலவற்றில் இடப்பக்க நட்டுகளுக்கு இடமரை என்பதையும் மறவாதீர்கள்.

மாமா இப்போது பழைய இரும்பு ரிம்களுக்கே திரும்பிவிட்டார். தோள் மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறார். என்னைக் குறை சொன்னதே இல்லை. "நான்தானே மாட்டச் சொன்னேன்" என்பார். ஆனால் முறுக்கியது நான். தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. தெரிந்துகொள்ளாமல் செய்தேன் என்பது அதைவிட உண்மை.

போன விடுமுறையில் மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் தமிழில் ஒரு அட்டையில் எழிதி, மாமாவின் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் வந்து படித்துவிட்டு, தங்கள் வண்டி நட்டுகளைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒருவருடைய வண்டியில் இரண்டு நட்டுகள் வேறு வகை. அன்றே மாற்றினார். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டி இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குனிந்து ஒருமுறை சக்கரத்தைப் பாருங்கள்.