தோள் மீளும் காலம்

2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், கல்கத்தாவின் ஈடன் தோட்ட மைதானத்தில் இந்திய மண்ணின் முதல் பகலிரவு டெஸ்ட் ஆட்டம் தொடங்கியபோது, விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவர் வங்காள அணியின் விருத்திமான் சாஹா. இளஞ்சிவப்புப் பந்தின் மேலேயே கண்ணாயிருந்த கூட்டத்தில், அவருடைய தோளில் முந்திய ஆண்டுதான் சத்திர சிகிச்சை நடந்தது என்பதை எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ, நாம் அறியோம்.

தோள் நம் உடலில் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு. அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை உறுதியின்மை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமற்ற ஒரு குழியில், தாம்பாளத்தில் வைத்த தேங்காயைப் போல அமர்ந்திருக்கிறது. அத்தாம்பாளத்தின் ஓரத்தை உயர்த்திக் காப்பது ‘லேப்ரம்’ என்னும் குருத்துவளையம். இலத்தீனில் இச்சொல்லுக்கு உதடு என்று பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ‘உதட்டுக் குருத்து’ என்று எழுதிப் பார்த்தோம். நமக்கே சிரிப்பு வந்தது. ‘விளிம்புக் குருத்து’ என்று கொள்வோம். கை நீட்டியவாறு தரையில் விழும் விளையாட்டு வீரருக்குக் கிழிவது பெரும்பாலும் இதுவே. சாஹாவுக்கும் இக்குருத்தில்தான் பழுது. 2018-ஆம் ஆண்டின் நடுவில் மான்செஸ்டர் நகரில் அது சீர்செய்யப்பட்டது.

சிறு துளைகளின் வழியே நுண்கருவிகளைச் செலுத்தி, எலும்பில் சிற்றாணிகளைப் பதித்து, அவற்றின் நூலால் கிழிந்த குருத்தை இழுத்துக் கட்டுகிறார்கள். இங்கே ஒரு செய்தியை நன்கு மனங்கொள்ள வேண்டும். நூல் குருத்தைப் பிடித்து வைத்திருக்கிறதேயன்றி ஒட்டவைப்பதில்லை. ஒட்ட வேண்டியது உடலின் வேலை. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். வலியோ சில வாரங்களிலேயே தணிந்துவிடும். தோள் ஏமாற்றுவது இந்த இடைவெளியில்தான்.

நம் தெருவில் குடியிருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர், மைதானச் சேற்றில் கால்பந்து ஆடுகையில் தோள் நழுவி, இதே சிகிச்சை பெற்றார். மூன்றாம் வாரம் வலி இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் விசாரிப்பதும் கூச்சமாயிருந்தது. கைத்தூளியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். கல்கத்தாப் பேருந்து எப்படி நிற்கும், எப்படிப் புறப்படும் என்பதை இவ்வூரில் வாழ்வோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. வண்டி குலுங்கிற்று, பழக்கத்தால் வலக்கை மேற்கம்பியைப் பற்றியது. மறுபடியும் சிகிச்சை, மறுபடியும் முதல் நாளிலிருந்து கணக்கு.

வழக்கமாகத் தூளி நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். அப்போதும் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே அசைத்து வர வேண்டும். பிறகு பயிற்சியாளரின் உதவியோடு மூட்டை அசைத்தல். மூன்று மாதத்தை ஒட்டித் தசைக்கு வலுவூட்டல். பந்தெறிவதும் பாய்ந்து விழுவதும் ஆறு மாத அளவில், சிலருக்கு அதற்கும் பின்னர். அசைத்தால் மீண்டும் கிழியுமென்று அஞ்சிக் கையைக் கட்டிப்போட்டே வைத்திருப்பதும் கேடு, மூட்டு இறுகிப்போகும். ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் சொல்லும் எண்ணெய் நீவலை வைத்தியரைக் கேளாமல் செய்தலாகாது. காய்ச்சல், காயத்தில் சீழ், விரல் மரத்தல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உறவினர் அருகில்லாமல் தனியறையில் வாழ்வோருக்குச் சில்லறைச் சங்கடங்களே பெரியவை. சட்டையில் முதலில் நுழைய வேண்டியது நோயுற்ற கை. கழற்றும்போது அதுவே கடைசி. இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தவாறு உறங்குவது இதம். ஒரு கையால் வேட்டி கட்ட முயன்று தோற்றவர்களுக்கு, ஒட்டும் பட்டை வைத்த வேட்டி இப்போது கிடைப்பது பேருதவி. அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போது தூளி கழலும் நாளை மட்டும் கணக்கிடாமல், பேருந்தில் நின்று செல்ல வைத்தியர் அனுமதிக்கும் நாளையும் கேட்டுக்கொள்வது நன்று.

சாஹா 2019 பிப்ரவரியில் வங்காளத்துக்காக இருபது ஓவர் ஆட்டங்களில் இறங்கினார். டெஸ்டுக்குத் திரும்பியது அவ்வாண்டு அக்டோபரில், விசாகப்பட்டினத்தில். அடுத்துப் புனேயில் அவர் பாய்ந்து பிடித்த பந்துகளை ஆட்டம் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே ஈடன் தோட்டத்தில் கடைசி ரஞ்சி ஆட்டத்தை ஆடி முடித்தபோது அவருக்கு வயது நாற்பது. நம் தெரு இளைஞர் இரண்டாம் முறை தூளியை ஆறு வாரமும் கழற்றவில்லை. பேருந்தையும் விட்டு, நடந்தே அலுவலகம் சென்று வந்தார்.