ஒரு குழாய் உடைந்த நாளில்

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் காணொளிகள் வந்து குவிந்தன. புத்ரா ஹைட்ஸில் காலை 8.10 மணியளவில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் உடைந்து, தீ 30 மீட்டருக்கும் மேல் எழுந்திருந்தது. வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. நூற்றுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். தீ அணைய மாலை 3.45 ஆனது. உயிர்ப்பலி இல்லை என்பதே ஆறுதல்.

அங்கிருக்கும் சித்தி குடும்பம் நலம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வேலை நினைவுக்கு வந்தது.

இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் இடர்ப் பட்டியல் போடுவோம். எரிவாயுத் தடை ஒரு வரி, கப்பல் தாமதம் ஒரு வரி, ஆள் பற்றாக்குறை ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். எரிவாயுவுக்கு நான் போட்டிருந்தது ‘குறைவு’.

அந்த வாரம் வரிகளெல்லாம் கைகோத்துக்கொண்டன. எரிவாயு நின்றதும் கொதிகலன் நின்றது. சரக்கு தயாராகவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகவேண்டிய கொள்கலன் எங்கள் வாசலில் காலியாகக் கிடந்தது. ஓவர்டைம் இல்லை என்றதும், அதை நம்பிக் கார்த் தவணை கட்டும் தம்பிகளின் முகம் வாடியது.

மாற்றாக டீசல் இல்லையா என்று மேலாளர் கேட்டார். முன்பு இருந்தது. டீசலைவிடத் தூய்மையாக எரியும் என்பதால் எரிவாயுவுக்கு மாறினோம். சரியான முடிவுதான். ஆனால் இடம் மிச்சமாகும் என்று டீசல் தொட்டியையும் கழற்றிவிட்டோம். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. வாடகைத் தொட்டி தேடினால், கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தொழிற்சாலைகள் அதையேதான் தேடிக்கொண்டிருந்தன. ஒருவருக்கு வந்த இடரென்றால் பக்கத்துக்காரரிடம் கடன் கேட்கலாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் யாரிடம் கேட்பது?

ஜூன் 30இல் விசாரணை முடிவு வெளியானது. நாசவேலை அல்ல, குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்ததே காரணம் என்றார்கள். எங்கள் பட்டியலில் மண்ணுக்கு வரியே கிடையாது.

இந்த ஆண்டுப் பட்டியலில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: ‘இது விழுந்தால் அடுத்து எது விழும்?’ தூய எரிபொருளுக்கு மாறுவோம், தவறில்லை. மாறும்போது பழைய தொட்டியைக் கழற்றுவதற்கு முன் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவோம். கையெழுத்து அதற்குப் பிறகு.