செயற்கூற்றின் இருப்பிடம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் தரவும் அதனைக் கையாளும் செயற்கூறுகளும் ‘கிளாஸ்’ எனப்படும் இனக்குழுவுக்குள் ஒருங்கே அமைகின்றன. அவ்வாறு உள்ளமைந்த செயற்கூற்றை வழிமுறை என்கிறோம். இதனைக் கற்ற மாணவர், தாம் எழுதும் செயற்கூறு அனைத்தையும் ஏதேனும் ஓர் இனக்குழுவுக்குள் அடைக்க முனைவர். அது தேவைதானா என்பதைத் தமிழெழுத்தைக் கொண்டே ஆராய்வோம்.

பைத்தான் மொழியில் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறிகளை அது தனித்தனியே எண்ணுகிறது. நமக்கோ அச்சொல் 3 எழுத்து. குறுக்கெழுத்துப் புதிருக்கு நிரல் எழுதும் மாணவருக்கு 5 கட்டங்கள் உதவா. எழுத்தெண்ணும் செயற்கூறு ஒன்று வேண்டும். அதனை எங்கே வைப்பது?

‘ஸ்ட்ரிங்’ எனப்படும் சரம் பைத்தானின் உள்ளமைந்த வகை. அதனுள் புதிய வழிமுறையைச் சேர்க்க அம்மொழி இடந்தருவதில்லை. சரத்திலிருந்து ‘தமிழ்ச்சரம்’ என்றோர் இனக்குழுவைக் கிளைக்கச் செய்யலாம். ஆயினும், கோப்பிலிருந்து படிக்கும் சொற்கள் யாவும் வெறுஞ்சரங்களாகவே வரும்; ஒவ்வொன்றையும் மாற்றிய பின்னரே எண்ண இயலும். வெளியே நிற்கும் செயற்கூறோ எந்தச் சரத்தையும் அப்படியே ஏற்கும். சரத்தின் குறிகளை வரிசையாகப் படிப்பதன்றி, அதன் உள்ளமைப்பு எதனையும் அது தொட வேண்டுவதில்லை.

தொட வேண்டுமா என்பதே இங்கு அளவுகோல். சி++ அறிஞர் ஸ்காட் மேயர்ஸ் 2000ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் இதனை வலியுறுத்தினார். உள்தரவைத் தொடவல்ல செயற்கூறுகள் பெருகப் பெருக, அத்தரவின் அமைப்பை மாற்றுங்கால் திருத்த வேண்டிய இடங்களும் பெருகும். செயற்கூற்றை வெளியே வைப்பதால் உறைபொதியாக்கம் வலுப்பெறுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

சேமிப்புக் கணக்கின் நிலை வேறு. பணமெடுத்தல் இருப்பையே மாற்றுகிறது. இருப்பு பூச்சியத்துக்குக் கீழே செல்லலாகாது என்னும் விதியையும் அதுவே காக்க வேண்டும். அது வழிமுறையாக உள்ளே இருப்பதே முறை. பைத்தானின் ‘சார்ட்’ வழிமுறையும் பட்டியலையே வரிசை மாற்றுவது. ‘சார்டட்’ என்னும் தனிச் செயற்கூறோ பட்டியல், சரம் முதலியவற்றுள் எதனையும் ஏற்றுப் புதிய பட்டியலைத் தருவது.

ஜாவாவில் இத்தெரிவு இல்லை. வர்க்கமூலம் காண்பதுகூட ‘மேத்’ என்னும் இனக்குழுவுக்குள் இருந்தாக வேண்டும். அவ்வினக்குழுவிலிருந்து ஒரு பொருளையும் உருவாக்க இயலாது. பெயர்ப்பலகையாக மட்டுமே அது நிற்கிறது.