சக்கர நாற்காலிக்கு முன்னால் ஒரு மோட்டார்

மாலை வேளையில் பாண்டி பஜார் பக்கமோ மயிலாப்பூர் மாட வீதிகளிலோ போகிற சகோதரிகள் சிலர் இதைப் பார்த்திருக்கலாம். ஸ்கூட்டர் மாதிரி ஹாண்டில்பார், விளக்கு, ஹாரன் எல்லாம் இருக்கும். ஆனால் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பது சக்கர நாற்காலியில்! ஆட்டோக்களுக்கு நடுவே 'விர்'ரென்று போய்விடும். "அம்மா, இது என்ன வண்டி?" என்று குழந்தைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும். வெளிநாட்டுச் சரக்கோ என்று நினைக்க வேண்டாம். நம் அடையாறுக்குப் பக்கத்திலே, ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த வண்டிதான்.

இதன் பெயர் நியோபோல்ட். ஐ.ஐ.டி.யில் டி.டி.கே. மையம் என்று ஒன்று, உடல் ஊனமுற்றோருக்கான சாதனங்களைத் தயாரிப்பதற்கென்றே இருக்கிறது. அதை நடத்தி வருபவர் ஒரு பெண்மணி, மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியை சுஜாதா ஸ்ரீநிவாசன். நமக்கெல்லாம் பெருமையான விஷயம்தானே? அங்கே நடந்த ஆராய்ச்சியிலிருந்து முளைத்த நியோமோஷன் என்ற கம்பெனி, ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ் என்ற இளைஞரின் தலைமையில், 2020-21 வாக்கில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாற்காலிக்கு நியோஃப்ளை என்று பெயர். உட்காருகிறவரின் இடுப்பு அகலம், கால் நீளம் எல்லாம் அளந்து, தையற்காரரிடம் ரவிக்கைக்கு அளவு கொடுப்பது போலக் கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். அதன் முன்னால் மாட்டிக்கொள்கிற மோட்டார் சக்கரம்தான் நியோபோல்ட். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், ஒரு தடவை சார்ஜ் செய்தால் 30 கிலோமீட்டர் வரை ஓடும். அறிமுகமான நாட்களில் நாற்காலிக்கு 39,900 ரூபாயும் மோட்டாருக்கு 55,000 ரூபாயும் விலை சொன்னார்கள். இப்போது வாங்க நினைப்பவர்கள் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் அக்கா வீட்டில் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். அக்காவின் மகன் மோட்டார் பைக் பைத்தியம். கல்லூரி நாளிலேயே சைலன்சர் சத்தத்தை வைத்து இன்ன பைக் என்று சொல்லிவிடுவான். ஒரு ராத்திரி வேலை முடிந்து வரும்போது விபத்து. முதுகுத்தண்டில் அடி. உயிர் பிழைத்தான், ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. தி.நகரில் மாடியில் இருந்தவர்கள், படி ஏற முடியாதென்று கீழ்த்தளத்துக்குக் குடி மாறினார்கள்.

முதலில் வாங்கியது கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற மடக்கு நாற்காலி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அதே மாதிரி. உண்மையில் அது மற்றவர்கள் தள்ளுவதற்காகச் செய்தது; உட்கார்ந்திருப்பவரே நாள் முழுக்க ஓட்டுவதற்கு ஏற்றதில்லை. கனமும் அதிகம், அகலமும் அதிகம். பாத்ரூம் கதவில் இடிக்கும். இரண்டு வருஷம் பையன் தெருவையே பார்க்கவில்லை. அக்கா சொல்வாள், "அவன் சாப்பிடறதில்லைன்னு கூட எனக்குக் கவலை இல்லைடி. யார் கூடவும் பேச மாட்டேங்கிறான், அதுதான்." மருந்து மாத்திரையைவிட அந்த மௌனம்தான் வீட்டை ஆட்டி வைத்தது.

அளவெடுத்த நாற்காலியும் மோட்டாரும் வந்த பிறகு நடந்ததைப் பெரிய அதிசயம் போலச் சொல்ல மாட்டேன். முதல் நாள் நாலு வீடு தள்ளி இருக்கிற மளிகைக் கடைக்குப் போய்ப் பெருங்காயம் வாங்கி வந்தான். அக்கா வாசலிலேயே நின்றாள். அடுத்த வாரம் பனகல் பார்க். ஒரு மாதத்தில் என்னிடம் போன் செய்து, "சித்தி, காபி போட்டு வையுங்க, மயிலாப்பூர் வரேன்" என்றான். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பிள்ளையோ கணவரோ வீட்டில் இருந்தால், வண்டி வாங்குவதற்கு முன் பெண்கள் கவனிக்க வேண்டியது வண்டியை அல்ல, தோலை! உணர்ச்சி இல்லாத உடம்பு வலியைச் சொல்லாது. நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நம்மை அறியாமல் நெளிகிறோம். அவர்களுக்கு அந்த நெளிதல் கிடையாது. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே அழுத்தத்தில் இருந்தாலே பிருஷ்ட எலும்புக்கு மேலே தோல் சிவந்து, படுக்கைப் புண்ணாகிவிடலாம். ஆறுவதற்கு மாதக் கணக்கில் ஆகும். நாற்காலியில் நல்ல மெத்தை, அதற்கென்றே செய்த காற்று மெத்தையோ ஜெல் மெத்தையோ, வேண்டும். வீட்டுத் தலையணையைச் செருகுவது உதவாது. வெளியே போனால் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை ஓரமாக நிறுத்தி, முன்னால் நன்றாகக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிஷம் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ராத்திரி ஒரு கைக் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்துவிட வேண்டும். இதைத் தாயார் பார்ப்பதைப் பிள்ளைகள் விரும்ப மாட்டார்கள்; அவனே பார்த்துக்கொள்ளக் கற்றுக் கொடுத்து விடுங்கள். சிவப்பு விரலால் அழுத்தியும் மறையவில்லை என்றால் அன்றைக்கு வண்டி கிடையாது, படுக்கைதான்.

சித்திரை வைகாசி வெயிலில் நிறுத்திய வண்டியின் இரும்பு சுட்டால் நமக்கு 'ஸ்' என்று கை இழுத்துக்கொள்ளும். அவர்கள் காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலை மிதிபலகையோடு பட்டை போட்டுக் கட்டுவதும் அவசியம். குழியில் தூக்கிப் போட்டு, கால் நழுவித் தரையில் உரசிக்கொண்டே வந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நடமாட்டம் இல்லாத கால் எலும்பு மெலிந்து போயிருக்கும், சின்ன அடியில் முறியும். மூட்டுக்குக் கீழே திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் உடனே டாக்டர்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் பலருக்கு நாலு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியிருக்கும். வெளியே போகிறோம் என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். இது சிறுநீரகத்துக்கு ஆகாது. பையில் சுத்தமான குழாய், சோப்பு, ஒரு துண்டு எல்லாம் இருக்கட்டும். நம் ஊரில் நாற்காலி நுழைகிற கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டியிருக்கிறது. மாநகராட்சியாருக்கு இது ஒரு கேள்வியாகவே இருக்கட்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். ஆறு மாதம் ஓட்டியதும் ஆண்பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிற வியாதி எங்கள் பையனுக்கும் வந்தது. "இன்னும் பவர் ஏத்தணும்." வாட்ஸ்அப்பில் யாரோ படம் அனுப்புவார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர், "பெரிய பேட்டரி போட்டு, வேகக் கட்டுப்பாட்டை எடுத்துடலாம் தம்பி, நாற்பது போகும்" என்று ஆசை காட்டினார். அக்கா சாமி அறையிலிருந்தே, "ஒரு தடவை போதாதாடா?" என்றாள். அதற்கு அவன் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது: "அம்மா, எனக்கு வேகம் வேண்டாம்னு நீ முடிவு பண்ணாதே. நான் பண்றேன்." வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

கணக்கு இப்படி. மத்திய அரசின் மோட்டார் வாகன விதிப்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிற இலகுவான பேட்டரி வண்டிகளுக்குப் பதிவு எண்ணோ லைசென்ஸோ தேவையில்லை. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத வாகனம்! யார் மீதாவது இடித்தால் நஷ்ட ஈட்டைக் கையிலிருந்து கொடுக்க வேண்டியதுதான். இரண்டாவது, நிற்கிற தூரம். 25-லிருந்து 40-க்கு வேகம் ஏறினால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் சுமார் இரண்டரை மடங்காகிவிடும். அதே பிரேக், அதே சக்கரம்! மூன்றாவது, திருப்பம். பைக்கை வளைவில் சாய்க்கலாம். நாற்காலி சாயாது, வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். இடுப்பில் பிடிமானம் இல்லாதவர் அப்படியே வெளியே விழுவார். முன் சக்கரம் இழுக்கிற வண்டியாதலால் செங்குத்தான மேட்டிலும் மணலிலும், மழை ஈரத்திலும் அது வழுக்கிச் சுற்றும். பவரைக் கூட்டினால் வழுக்கல்தான் கூடும்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவனே பேப்பரில் எழுதிப் பார்த்தான். பிறகு அவன் செய்த மாற்றங்கள் வேறு: பஞ்சர் ஆனாலும் வீடு வந்து சேர உதவும்படி தடித்த டயர், இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கு மேலே தெரிகிற உயரமான ஆரஞ்சுக் கொடி. கொடிதான் முக்கியம், நாற்காலி தாழ்வாக இருப்பதால் பஸ் டிரைவர் கண்ணுக்கு அது படவே படாது. இடுப்பு பெல்ட் ஒன்று. ஹெல்மெட் கட்டாயம். பழைய பைக் ஹெல்மெட்டை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. நாற்பது கிலோமீட்டர் ஆசை போய்விட்டதா என்றால், போகவில்லை. பதிவு செய்யக்கூடிய, பக்கச் சக்கரம் வைத்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்குப் பணம் சேர்க்கிறான். அதற்கு முறைப்படி லைசென்ஸ் வாங்கலாம். அது நியாயமான வழி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்காவுக்கு இன்னும் தோன்றவில்லை.

பேட்டரியைப் பற்றி இல்லத்தரசிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரியின் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர்-அவர் என்றும் இரண்டு எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று தெரியும். உதாரணமாக 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். மூன்றில் ஒரு பங்கு யூனிட்தான். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். கவலை வேறு. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனாரும் பெண் குழந்தையும் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களிலும் இப்படித் தீ விபத்துகள் நேர்ந்து, டிசம்பரிலிருந்து பேட்டரி வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. மெக்கானிக் தானே செல்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற பேட்டரிக்கு அந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது.

நாமெல்லாம் தீ என்றால் எழுந்து ஓடுவோம். நாற்காலிக்காரர் கட்டிலிலிருந்து இறங்கவே ஐந்து நிமிஷம் ஆகும். ஆகவே அவர் படுக்கிற அறையில் சார்ஜ் போடவே கூடாது. வாசற்கதவை அடைக்கிற மாதிரியும் கூடாது. தூங்கும் நேரத்தில் வேண்டாம். விழித்திருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும். ஓட்டி வந்த சூட்டோடு போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். பேட்டரி உப்பினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ, ஒரு மாதிரி இனிப்பான நெடி வந்தாலோ உபயோகிப்பதை நிறுத்திவிட வேண்டும். புகை வந்தால் முதலில் ஆளை வெளியே கொண்டு போய்விட்டு, கதவைச் சாத்தி, 101-க்குப் போன். வண்டி போனால் போகட்டும்.

ஊரும் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் வருகிறது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதையில் லிப்ட் உண்டு. மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பலகைப் பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரி செய்தார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பஸ்கள், 2025 ஜூன் கடைசியிலிருந்து எலெக்ட்ரிக் தாழ்தளப் பஸ்களும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட பஸ்ஸில் சாய்தளம் போட்டால் நாற்காலி ஏறும். ஆனால் மாட வீதி நடைபாதைகளில் முக்கால்வாசி இடத்தில் கம்பி நட்டிருக்கிறார்கள் அல்லது பூக்கடை. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். மோட்டார் சக்கரத்தின் அச்சு முழுகுகிற தண்ணீரில் இறங்கக் கூடாது, மூடி இல்லாத சாக்கடை கண்ணுக்கும் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் பையன் வீட்டில்தான்.

பண வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு பேட்டரி நாற்காலியும் தமிழ்நாடு அரசு இலவசமாகத் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையுடன் மனுக் கொடுக்க வேண்டும். இம்மாதிரி நாற்காலி வண்டியில் சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிற இளைஞர்களைப் பற்றி 2022-ல் பத்திரிகைகளில் வந்ததே, நினைவிருக்கலாம்.

நாற்காலி மெத்தையின் உறையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்து, நிழலில் உலர்த்தி, சுருக்கமில்லாமல் மாட்டுங்கள். ஒரு சின்ன மடிப்பே தோலில் புண்ணாக்கிவிடும். இரண்டாவது உறை ஒன்று தைத்து வைத்துக்கொண்டால், துவைக்கிற நாளிலும் அவர் வெளியே போகலாம்.