நூலகப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. மாநாட்டுக்குப் போக வழிச்செலவு யார் தருவது?

1916-ம் ஆண்டு மே 9-ம் தேதி. நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் 25 வயது இந்திய மாணவர் ஒருவர் தன் கட்டுரையை வாசித்தார். தலைப்பு 'இந்தியாவில் சாதிகள்'. வாசித்தவர் அம்பேத்கர். மறு ஆண்டே அது 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் அச்சேறியது. நூறாண்டு கடந்த பின்னும் அந்தக் கட்டுரையை உலகம் படித்துக்கொண்டிருக்கிறது.

அந்த அரங்கில் அவர் நிற்பதற்கு இரண்டு விஷயங்கள் துணை நின்றன. ஒன்று, பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்த உதவித்தொகை. இன்னொன்று, மாணவர் எழுதியதையும் உட்கார்ந்து கேட்ட ஒரு கருத்தரங்கு. உதவித்தொகைக் காலம் முடிந்ததும் நிலைமை மாறியது. 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார். மறுபடியும் போவதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே பரோடா மன்னர்தான் 1910-ல் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து, தன் சமஸ்தானம் முழுக்கப் பொது நூலகங்கள் அமைக்கச் சொன்னார். 1911-ல் போர்டன் அங்கே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். இந்தியாவில் நூலகப் படிப்பின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அம்பேத்கரை கொலம்பியாவுக்கு அனுப்பிய அரசும் நாட்டின் முதல் நூலகப் பயிற்சி வகுப்பை நடத்திய அரசும் ஒன்றே. அப்படிப்பட்ட நூலகப் படிப்பு, கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்குக் கல்லூரி போகும் சேரிப் பிள்ளைகளின் காதுக்கும், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் மலைப் பிள்ளைகளின் காதுக்கும் இன்னும் சரியாக எட்டவில்லை.

எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம்

பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம், பி.காம். என எந்தப் பட்டம் முடித்தவரும் நூலக அறிவியலில் சேரலாம். பி.லிஸ். ஓராண்டுப் படிப்பு. பல பல்கலைக்கழகங்களில் எம்.லிஸ். படிப்பை நேரடியாக இரண்டாண்டுப் படிப்பாகவும் நடத்துகிறார்கள். நம் பக்கத்துக்குக் கிட்ட இருப்பவை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வேலைக்கும் வழி உண்டு. பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் அது. அரசு நூலகர் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. கல்லூரி நூலகர் ஆவதற்கு எம்.லிஸ். பட்டத்துடன் நெட், செட் அல்லது முனைவர் பட்டம் தேவை. இவற்றில் பட்டியலினத்தவருக்கு 18 சதவீதமும் (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு.

இது வேலை பற்றிய பேச்சு மட்டும் அல்ல. ஊர் நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கேட்பவர் நூலகர். வந்த புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று தீர்மானிப்பவரும் அவரே. அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர் ஆகியோரின் நூல்கள் பூட்டிய பீரோவுக்குள் கிடக்கின்றனவா, எட்டாம் வகுப்புப் பெண்ணின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பது அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இந்தப் படிப்பில் நம் பிள்ளைகள் வேண்டும் என்கிறோம்.

படிப்புக்கான பணம்

மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய மத்திய அரசு உதவித்தொகை 1944-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்கள் போக, பட்டியலின மாணவர்களுக்குப் படிப்பின் பிரிவைப் பொறுத்து ஆண்டுக்கு ஒரு தொகையும் கிடைக்கிறது. விடுதியில் தங்குவோருக்கு 4,000 முதல் 13,500 ரூபாய் வரை. வீட்டிலிருந்து போய் வருவோருக்கு 2,500 முதல் 7,000 ரூபாய் வரை. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களை மத்திய அரசின் திட்டம் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கான கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்யும் அரசாணை எண் 92, 2012-ல் வெளியானது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று இடங்களில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலாவது, சாதிச் சான்றிதழ். ஆதிதிராவிடர் சான்றிதழைத் தாசில்தார் தருகிறார். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கல்வராயன்மலையின் மலையாளி சமூகத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய அலைச்சல். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு வரை காத்திருக்காமல் பிளஸ் டூ முடிந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. கணக்கு ஆதாருடன் இணைந்திருக்காவிட்டால் பணம் வராது. அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ உள்ள கணக்கு உதவாது.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நிலைப் படிப்பை முடித்துவிட்டு, அதே நிலையில் வேறு பாடம் படிப்பவருக்கு உதவித்தொகை இல்லை என்று திட்ட விதி இருக்கிறது. பி.லிஸ். என்பது ஒரு பட்டத்துக்குப் பிறகு படிக்கும் இன்னொரு இளநிலைப் பட்டம். எனவே சேருவதற்கு முன்பே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, அந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாண்டு எம்.லிஸ். முதுநிலைப் படிப்பு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

முதுநிலைக்குப் பிறகு

யு.ஜி.சி. நெட் தேர்வில் நூலக அறிவியலும் ஒரு பாடம். ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கேற்ப முன்னதாகவே தயாராக வேண்டும். 'இ-பி.ஜி. பாடசாலா' தளத்தில் இந்தப் பாடத்துக்கான பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எப்.) பெற வயது வரம்பு 30, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டு தளர்வு. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நெட்டில் தேர்ச்சி பெற்றும் ஜே.ஆர்.எப். கிடைக்காத பட்டியலின மாணவர்களுக்கு தேசிய ஆய்வு உதவித்தொகைத் திட்டம் தனியாக இருக்கிறது. பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 750 பேரை முதுநிலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு செய்கிறார்கள். முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது.

வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 35 வயதுக்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளை 2022-ல் இதிலிருந்து நீக்கிவிட்டார்கள். சேரி நூலகங்களைப் பற்றி ஆராய நினைப்பவர் தலைப்பு வைக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனி அயல்நாட்டுக் கல்வித் திட்டம் இருக்கிறது.

மாநாடு எதற்கு?

இவ்வளவு படித்தும் பலர் தேங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஆய்வு இடம், விரிவுரையாளர் பணி, வெளிநாட்டு விண்ணப்பம் எதுவானாலும், 'கட்டுரை வாசித்திருக்கிறாயா, எந்த மாநாட்டில்?' என்ற கேள்வி வருகிறது.

மாநாடுகளுக்குக் குறைவில்லை. சென்னை நூலகச் சங்கம் 1928-ல் தொடங்கியது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அதன் ஆரம்ப காலத் தூண். அவரை 1924-ல் நூலகராக நியமித்த சென்னைப் பல்கலைக்கழகம், அதே ஆண்டில் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது என்பதையும் நினைவில் கொள்ளலாம். இந்திய நூலகச் சங்கம் 1933-லிருந்தும், 'இயாஸ்லிக்' அமைப்பு 1955-லிருந்தும் மாநாடுகள் நடத்துகின்றன. சென்னையில் 'சாலிஸ்' இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'காலிபர்' மாநாட்டை நடத்துகிறது. உலக அளவில் 'இஃப்லா' ஆண்டு மாநாடு. 1992-ல் அது டெல்லிக்கும் வந்தது.

கட்டுரைக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டாம். கல்வராயன்மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் நூலகம் எப்படி இயங்குகிறது? மலையாளி மக்களின் பாட்டையும் மருந்தறிவையும் யார் பதிவு செய்வது, பதிவு யாருக்குச் சொந்தம்? அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்களில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன, சேரியிலிருந்து எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? பூர்வகுடிகளின் மரபறிவு பற்றி இஃப்லா 2002-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நம் மலையடிவாரத்திலிருந்து ஒரு பிள்ளை இருபது ஊர் நூலகங்களுக்கு நடந்து போய்க் கணக்கெடுத்து எழுதினால், அதைக் கேட்க ஆள் இருக்கிறது.

முதலில் அனுப்ப வேண்டியது ஒரு பக்கச் சுருக்கம் மட்டுமே. எதை ஆராய்ந்தேன், எப்படி, என்ன கண்டேன் என்று எழுதினால் போதும். பேராசிரியரைக் காட்டித் திருத்தி வாங்கி அனுப்பலாம். பணம் கட்டினால் எதையும் ஏற்றுக்கொண்டு சான்றிதழ் அனுப்பும் போலி மாநாடுகளும் உண்டு. நடத்துவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்தச் சங்கம் என்று விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

வழிச்செலவு என்னும் மதில்

பிரச்சினை இங்கேதான். உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறது. மாநாட்டுப் பதிவுக் கட்டணம், ரயில் டிக்கெட், மூன்று நாள் தங்கும் செலவு ஆகியவற்றை முதுநிலை மாணவருக்கு அது தருவதில்லை. ஜே.ஆர்.எப். பெற்றவருக்கு இதர செலவுக்கென்று தனித்தொகை உண்டு. ஆனால் ஜே.ஆர்.எப். வரை போய்ச் சேருவதற்குத்தானே முதல் மாநாடு தேவைப்படுகிறது? சென்னையிலிருந்து குஜராத்துக்கு ஒன்றரை நாள் ரயில் பயணம். கரும்பு வெட்டுக் கூலியில் ஓடும் வீட்டில் அந்தச் செலவைக் கேட்கவே பிள்ளை தயங்கும்.

மாநாட்டுக் கதவு திறப்பதற்கு அமெரிக்காவில் போராட்டமே நடந்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் கல்லூரி நூலகராக இருந்த ஈ.ஜே.ஜோசி கருப்பினத்தவர் என்பதால், அம்மாநில நூலகச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1964-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாட்டில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறவேற்றுமை பார்க்கும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்குத் தேசியச் சங்கத்தின் நிர்வாகிகள் அந்தப் பொறுப்பில் போகக் கூடாது என்பது தீர்மானம். அது நிறைவேறியது. மறு ஆண்டு ஜார்ஜியா சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1984-ல் அவர் தேசியச் சங்கத்துக்கே தலைவரானார். கருப்பின, பூர்வகுடி மாணவர்கள் நூலகப் படிப்பு படிக்க 'ஸ்பெக்ட்ரம்' என்ற உதவித்தொகையை 1997-ல் அந்தச் சங்கம் உருவாக்கியது. அது அந்நாட்டவருக்கும் கனடா நாட்டவருக்கும் உரியது. நம் பிள்ளைகள் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் ஒரு நூலகச் சங்கம் தன் சொந்த முயற்சியில் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே என்ன செய்யலாம்? பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது என்று நம் நூலகச் சங்கங்கள் ஒரு வரித் தீர்மானம் போடலாம். ஆதிதிராவிடர் நலத்துறை, கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தைக் காட்டும் முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரயில் கட்டணமும் தங்கும் செலவும் தரலாம். மற்ற திட்டங்களின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். பல்கலைக்கழகங்களின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகள் இதைக் கோரிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். அரசு வேலையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், அரசாணைக்குக் காத்திராமலே ஒரு மாணவரை அனுப்பிவிடலாம்.

மாணவர்கள் இந்த மாதமே செய்யக்கூடியவை மூன்று. சாதி, வருமானச் சான்றிதழ்களைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை ஆதாருடன் இணையுங்கள். பிறகு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், அது எத்தனை நாள் திறந்திருக்கிறது, யார் யார் வருகிறார்கள், அம்பேத்கர் நூல்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒரு நோட்டில் குறியுங்கள். உங்கள் முதல் மாநாட்டுக் கட்டுரைக்கு அந்த நோட்டே போதும்.